கலியபெருமாள் சொன்ன வழி

உலகத்தில் வழி சொல்பவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. வழி தெரிந்தவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, அவர்களால் யாருக்கும் தொந்தரவும் கிடையாது. இங்கே பேசப்போவது வழி சொல்பவர்களைப் பற்றி. பஸ் ஸ்டாப்பிலும் டீக்கடை பெஞ்சிலும் பஞ்சர் கடை வாசலிலும் இவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்கள் கேட்கிற இடத்தின் பெயரை இவர்கள் பிறந்ததிலிருந்து காதால் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் என்ன? நீங்கள் கேள்வியை முடிப்பதற்குள் வலது கை எழுந்துவிடும், கண் இடுங்கித் தூரத்தில் எதையோ பார்க்கும், துண்டு ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறும், "நேரா போங்க, ஒரு புளியமரம் வரும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் எந்த ரோட்டில் நேராகப் போனாலும் ஒரு புளியமரம் வரும் என்பது வேறு விஷயம்.

தூரத்துக்கு இவர்களிடம் தனி அளவு இருக்கிறது. "தோ, கிட்டதான்" என்றால் பத்து கிலோமீட்டர் வரை போகலாம். "கொஞ்ச தூரம்தான்" என்றால் ஜில்லா எல்லை. "நடந்தே போயிடலாம்" என்றால் அந்த இடத்துக்கு இவர் இதுவரை போனதேயில்லை என்று அர்த்தம். இவர் சொன்ன இடத்தில் நீங்கள் தேடியது இல்லாவிட்டால் வாடிவிடுவாரா? மாட்டார். "போன வாரம் வரைக்கும் இங்கதான் இருந்துச்சு" என்பார். குற்றம் அந்த இடத்தின் மேல்.

மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி வேலை பார்த்த கலியபெருமாள் இந்த இனத்தில் முதல் வரிசை. ஐம்பது வயது, முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி, பின்னால் கேரியர் ஆடுகிற ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி. திண்டிவனம் கோர்ட்டில் என்ன தீர்ப்பு வரும், அமெரிக்காவில் மாடு எத்தனை லிட்டர் கறக்கும், வானூர் தாலுகா ஆபீசில் எந்த ஜன்னலில் எந்தப் பேப்பரைக் கொடுக்க வேண்டும், எல்லாம் அவரிடம் ரெடி. வேடிக்கை என்னவென்றால், உப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனுஷன் தலையைச் சொறிவார். "இந்த வாரம் வெள்ளையா வருமா மேஸ்திரி?" என்று முதலாளி கேட்டால், வானத்தைப் பார்ப்பார், பாத்தித் தண்ணீரை விரலில் தொட்டு நக்குவார், "அத எப்பிடிங்க இப்பவே சொல்றது, காத்து எப்பிடி அடிக்குதுன்னு பாக்கணும்" என்பார். முப்பது வருஷம் பழகிய தொழிலில் அவ்வளவு சந்தேகம். மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் என்பதே கிடையாது.

இந்தக் கலியபெருமாளின் கையில்தான், இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லார்சன் வந்து மாட்டினான்.

லார்சனுக்கு வயது இருபது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக்காரன், மார்மன் சபையின் ஊழியக்காரன். அந்தச் சபையில் பையன்கள் மீசை முளைத்தும் முளைக்காமலும் வீட்டை விட்டுக் கிளம்பி, அனுப்புகிற ஊரில் இரண்டு வருஷம் ஊழியம் செய்துவிட்டுத் திரும்புவது வழக்கம். சட்டைப் பையில் குத்தியிருந்த கறுப்புப் பட்டையில் 'எல்டர் லார்சன்' என்று போட்டிருந்தது. எல்டர் என்றால் மூப்பர் என்று அவன் விளக்கியபோது உப்பளத்துப் பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கலியபெருமாள் அவனை லாரன்ஸு தம்பி என்று கூப்பிட்டார். அந்தப் பெயரில் அவருக்கு ஏற்கெனவே இரண்டு கூலிக்காரர்கள் இருந்தார்கள்.

லார்சனுடைய நாள் விதிகளால் ஆனது. காலை ஆறரைக்கு எழ வேண்டும். வெள்ளைச் சட்டை, டை. டீ கிடையாது, காபி கிடையாது, சினிமா கிடையாது. எதிரே கடல் கிடந்தாலும் நீச்சல் கிடையாது. சைக்கிளில் ஏறினால் தலையில் ஹெல்மெட். மரக்காணத்தில் பைக் ஓட்டுபவர்களே ஹெல்மெட்டைப் பார்த்தறியாத காலம் அது. மோட்டார் சைக்கிளில் ஏறவே கூடாது. எங்கே போனாலும் இரண்டு பேராகப் போக வேண்டும், குளிக்கிற நேரம் தவிர ஜோடியின் கண்பார்வையை விட்டு அகலக் கூடாது. லார்சனின் ஜோடி சுதாகர், ராஜமுந்திரிப் பையன். தெலுங்குக்காரனுக்குத் தமிழ் தானாக வந்துவிடும் என்று எங்கேயோ யாரோ ஒரு பெரியவர் தயங்காமல் சொல்லியிருக்கிறார், அதை நம்பி அவனை இங்கே அனுப்பிவிட்டார்கள். ஆக, நம் இனம் எல்லாச் சபையிலும் இருக்கிறது.

சுனாமியில் கடல் ஏறி வந்து பாத்திகளில் சேற்றை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. அதை வாரிக் கரையில் கொட்டுகிற வேலைக்கு இரண்டு பேரும் மார்ச் மாதத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கால் வெடிக்க வெடிக்க, வேலையில் குறை வைக்கவில்லை. உப்பளத்துக்கு அவர்களைப் பிடித்துப்போனது. இவர்கள் பேசுகிற சாமி விஷயத்தை எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவரவர் சாமியிடமே திரும்பிப் போனார்கள்.

எல்லா விதியையும் லார்சன் சிரித்துக்கொண்டே தாங்கினான், ஒன்றைத் தவிர. வீட்டுக்கு வாரம் ஒரு ஈமெயில் எழுதலாம். போனில் பேசுவது வருஷத்துக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அவர்கள் ஊர் அன்னையர் தினத்துக்கு ஒன்று. போன கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து அம்மாவிடம் பேசினான். மறுநாள் காலை கடல் பொங்கியது. மகன் பத்திரம் என்று சபையிலிருந்து சொன்னார்கள், அவனே ஈமெயிலும் போட்டான். ஆனால் அந்தத் தாய் டி.வி.யில் அந்தத் தண்ணீரைப் பார்த்தவள். அதற்குப் பிறகு நாலரை மாதமாக மகனின் குரலைக் கேட்கவில்லை.

'அன்னையர் தினத்தன்று, ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து எட்டே முக்கால் வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் நான் கிளம்பியாக வேண்டும், பாட்டுக் குழு எனக்காகக் காத்திருக்கும்' என்று அவள் எழுதியிருந்தாள். நம் கணக்கில் ராத்திரி ஏழரையிலிருந்து எட்டேகால். அதைத் தவறவிட்டால் அடுத்த டிசம்பர்.

லார்சன் கவனமான பையன். சனிக்கிழமையே மரக்காணம் பஜாரில் இருந்த, வெளிநாட்டுக்குப் பேசுகிற ஐ.எஸ்.டி. பூத்தைப் பார்த்து, கடைக்காரரிடம் சொல்லி வைத்து, "வாங்க சார், தொறந்துதான் இருக்கும்" என்ற வாக்கையும் வாங்கிக்கொண்டு வந்தான். ஞாயிறு ஐந்தரைக்கு, இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றால், ஷட்டரில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 'வீட்டில் விசேஷம். கடை நாளை.'

அந்த நேரம் பார்த்து டி.வி.எஸ். ஃபிஃப்டி வந்து நின்றது.

"இன்னா தம்பி, சாத்திக் கெடக்குதா?" என்றார் கலியபெருமாள்.

லார்சன் புத்தகத்தில் படித்த தமிழில் விஷயத்தைச் சொன்னான். அம்மா என்ற சொல் வந்ததும் கலியபெருமாளின் முகம் மாறியது. போன வருஷம்தான் அவருடைய அம்மா தவறிப்போயிருந்தாள். அவர் உண்மையாகவே உதவ நினைத்தார், அதில் சந்தேகமே வேண்டாம். இந்த இனத்தில் கெட்ட எண்ணம் உள்ளவரை நீங்கள் பார்க்கவே முடியாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

"ஐ.எஸ்.டி.தானே? அனுமந்தைல இருக்குது. கோயிலுக்கு எதுக்க, மஞ்ச போர்டு. தோ, கிட்டதான். எம் பின்னாலயே வாங்க."

மஞ்சள் போர்டு என்று நிறம் வரைக்கும் சொன்ன பிறகு யார்தான் நம்ப மாட்டார்கள்? டி.வி.எஸ். ஃபிஃப்டி முன்னால் புகை விட, பின்னால் இரண்டு ஹெல்மெட்டுகள் மிதித்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்று. முக்கால் மணி நேரம் கழித்து அனுமந்தைக் கோயிலுக்கு எதிரே போய் நின்றார்கள். அங்கே உரக்கடை இருந்தது. போர்டு மஞ்சளாகத்தான் இருந்தது.

கலியபெருமாள் அந்தக் கடையை மேலும் கீழும் பார்த்தார். "எடுத்துட்டானுங்க போல. போன வாரம் வரைக்கும் இங்கதான் இருந்துச்சு."

நாற்பது வருஷமாக அங்கே உரக்கடைதான் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அதைக் காதில் வாங்காமல், பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த சடையப்பனிடம் கலியபெருமாள் விசாரித்தார். அதுதான் தப்பு. இந்த இனத்தில் ஒருவரிடம் கேட்டால் ஒரு வழி தவறும். இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் போட்டி வந்துவிடும்.

"பூத்தா? கூனிமேட்டுல மெயின் ரோட்டு மேலயே இருக்குது" என்றார் சடையப்பன், டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அங்க ஏதுப்பா? காலாப்பட்டு போவச் சொல்லு" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்தவர்.

"எதுக்குய்யா அவ்ளோ தூரம் அலையணும்? மரக்காணம் பஜார்லயே ஒண்ணு இருக்குதே!" என்றார் இன்னொருவர், வயிற்றெரிச்சலோடு.

கூனிமேடு ஜெயித்தது. மறுபடி எதிர்க்காற்று. சுதாகரின் செயின் ஒருமுறை கழன்றது, மாட்டினார்கள். வெள்ளைச் சட்டைகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. கூனிமேட்டு மெயின் ரோட்டில் ஒரு பெட்டிக்கடையில், வாழைத்தார்களுக்கு நடுவே, போன் ஒன்று இருக்கத்தான் செய்தது. காசு போட்டுப் பேசுகிற சிவப்புப் பெட்டி.

"இது உள்ளூர் போன் அல்லவா?" என்றான் லார்சன்.

"காசு மட்டும் கூடப் போடணும் தம்பி. போவும்" என்றார் கலியபெருமாள்.

கடைக்காரர் சிரித்து முடிக்கும் வரை லார்சன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி ஏழரை. பூமியின் அந்தப் பக்கத்தில் ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்காருகிற நேரம். இரண்டு வருஷத்துக்கு யாரிடமும் முகம் சுளிக்கக் கூடாது என்பதும் விதிதான். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி, மூச்சை இழுத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னான்.

"ஐயா. உங்களுக்குத் தெரியாது என்றால், தெரியாது என்று சொல்லுங்கள். அது பாவம் இல்லை."

ஏதோ சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டது போல எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கலியபெருமாளுக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, நம்மகிட்ட வந்து ஒருத்தர் கேக்கறாங்க. தெரியாதுன்னு சொல்லி வெறுங்கையோட அனுப்பறதா? அது நல்லாவா இருக்குது?"

"ஆனால் தவறான வழி..."

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். போன மாசம் கரை மேல ஒக்காந்து உங்கள இன்னா கேட்டேன்? எங்கம்மா செத்துப்போச்சே, இப்ப எங்க இருக்கும்னு கேட்டேன். நீங்க இன்னா பண்ணீங்க? குச்சிய எடுத்துச் சேத்துல வட்டம் போட்டீங்க. இது இந்த உலகம், இது ஆவிங்க தங்கற எடம், அதுக்கப்பால மூணு வட்டம், சூரியன் மாதிரி ஒண்ணு, நெலா மாதிரி ஒண்ணு, நட்சத்திரம் மாதிரி ஒண்ணு. போனீங்களா தம்பி அங்கல்லாம்? பாத்துட்டு வந்தா சொன்னீங்க?"

லார்சன் கையிலிருந்த ஹெல்மெட்டின் வாரை இழுத்துச் சரிசெய்தான்.

"நான் சண்டைக்கு வரல" என்றார் கலியபெருமாள், குரலை இறக்கி. "நீங்க அப்பிடி டக்குனு சொன்னீங்க பாருங்க, மனசுக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். தெரியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

நான் நம்பித்தான் சொன்னேன், யோசிக்காமல் சொல்லவில்லை என்று லார்சனுக்குத் தெரியும். ஆனால் கலியபெருமாளும் மஞ்சள் போர்டை நம்பித்தானே சொன்னார்? சுதாகரைப் பார்த்தான். சுதாகர் சைக்கிள் பெல்லைக் கர்ச்சீப்பால் மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏறுங்க தம்பி, பேச நேரமில்ல" என்று கலியபெருமாள் வண்டியை உதைத்தார்.

வேறு என்ன செய்வது? மறுபடி மிதித்தார்கள். இருட்டிவிட்டது. அடுத்த ஊரான கீழ்புத்துப்பட்டுக்கு எவ்வளவு தூரம் முன்னாலோ தெரியாது, ஒரு சவுக்குத் தோப்பு வந்த இடத்தில் டி.வி.எஸ். ஃபிஃப்டி திடீரென்று இடது பக்கம் ஒரு மண்பாதையில் இறங்கியது. "தோ, இந்த வழிதான்!" என்று அந்த ஓட்டத்திலேயே கையைத் தூக்கிக் காட்டினார் கலியபெருமாள். அந்தப் பாதையை அவர் தம் ஆயுளில் பார்த்ததில்லை. பின்னால் வருகிறவர்களின் மௌனம் தாங்காமல், எங்கேயாவது திரும்பினால் தேவலை என்று திரும்பியிருந்தார். மணலில் சைக்கிள் ஓடவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மீனவர் குடியிருப்பு வந்தது, புதிதாகப் போட்ட தகரக் கூரைகள் வரிசையாக. கடைசிக் கூரைக்குக் கீழே டியூப்லைட் எரிந்தது. அதன் மேலே மஞ்சள் போர்டு. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ.

எல்லோரையும் விட அதிகமாகத் திடுக்கிட்டவர் கலியபெருமாள். போர்டை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். அப்புறம்தான் திரும்பி, "நான் சொல்லல?" என்றார்.

பாருங்கள், இந்த இனம் இன்னும் அழியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். எப்போதாவது ஒரு தடவை சரியாக இருந்து தொலைக்கிறது.

சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உதவிக்காரர்கள் வந்துபோகிறார்களே என்று லூர்துமேரி என்ற பெண் வைத்த பூத் அது. உள்ளே மணி எட்டு ஐந்து காட்டியது. "சாத்தப் போறேன், பேசறதுன்னா சீக்கிரம் பேசுங்க சார்" என்றாள் அவள். லார்சன் கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்தான். ஜோடியின் கண்பார்வையில் இருக்க வேண்டுமே, அதனால் கதவைத் திறந்து வைத்து, அதில் சாய்ந்து சுதாகர் நின்றான். அவசரத்தில் எண்களை அழுத்தியதில் முதல் தடவை தப்பானது. இரண்டாவது தடவை மணி முழுசாக ஒருமுறை அடிக்கவில்லை, அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"எரிக்?"

நாலரை மாதமாக அவனை எல்டர் என்றும் லாரன்ஸு என்றும் சார் என்றும்தான் கூப்பிட்டிருந்தார்கள். தனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அம்மா" என்றான். அதற்கு மேல் கொஞ்ச நேரம் ஓடவில்லை. அந்தப் பக்கமும் ஓடவில்லை. மீட்டர் மட்டும் ஓடியது.

சாப்பிடுகிறாயா என்றாள். சாப்பிடுகிறேன் என்றான். இளைத்துவிட்டாயா என்றாள். இல்லை என்றான். அதெல்லாம் சும்மா. அவள் எதைக் கேட்கப் பயந்து எதையெல்லாமோ கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்குப் புரிந்தது. கடைசியில் கேட்டேவிட்டாள். "கண்ணு, கடல் பக்கத்துல எங்கயும் இல்லையே நீ?"

பூத்துக்கு வெளியே பதினைந்து அடி மணல். அதற்கு அப்பால் கட்டுமரங்கள். அதற்கு அப்பால் வங்காள விரிகுடா.

"இல்லம்மா. கடல் இங்கேருந்து ரொம்ப தூரம்."

"எவ்வளவு தூரம்?"

லார்சனின் வலது கை எழுந்தது. போனில் பேசுகிறோம், அம்மாவுக்குக் கை தெரியாது என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியவில்லை. இருட்டுக்குள் எங்கேயோ மேற்கைக் காட்டிக்கொண்டு, "பதினோரு மைல்" என்றான். ஏன் பதினொன்று? கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

ஓர் அலை வந்து கரையில் அறைந்தது.

"அது என்ன சத்தம்?"

"லாரிம்மா. ஹைவே பக்கத்துல இருக்கோம்."

"இந்த நேரத்துலயா?"

"ஓயாம போகும்மா. உப்பு லோடு."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. நாலரை மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது அது. "நல்லது, நல்லது" என்றாள் அம்மா. அவள் குரல் தெளிந்துவிட்டது, உடனே சோப்பு போட்டுக் குளிக்கிறாயா என்று அதட்டவும் தொடங்கிவிட்டாள். எட்டேகால் வரை அதட்டிவிட்டு, சந்தோஷமாகப் பாட்டுப் பாடப் போனாள்.

வெளியே கலியபெருமாள் தாங்க முடியாமல் சுதாகரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா பேசனாரு தம்பி? அம்மாகிட்ட இன்னா சொன்னாரு?"

சுதாகர் தனக்குத் தெரிந்த தமிழைத் திரட்டினான். "கடல் தூரம், சொன்னாரு. பதினொண்ணு மைலு. இந்தச் சத்தம் லாரி, சொன்னாரு."

கலியபெருமாள் கடலைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்தார். துண்டு தோள் மாறியது.

"சரியாத்தானே சொல்லியிருக்காரு" என்றார்.

நல்லது. இதையெல்லாம் படித்துவிட்டு, பாவம் அந்த மேஸ்திரி, பாவம் அந்த வெள்ளைக்காரப் பையன் என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கலாம். சிரியுங்கள். நாளைக்குக் காலையில் உங்கள் தெரு முனையில் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கையில் கசங்கிய துண்டுச் சீட்டோடு ஒரு விலாசம் கேட்பார். ஆஸ்பத்திரிக்கோ பெண் பார்க்கவோ, அவசரமாகப் போகிறவராக இருப்பார். அந்தத் தெருவின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள். அவர் முகத்தைப் பாருங்கள், பரவாயில்லை. உங்கள் வலது கையை மட்டும் இடது கையால் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.